நடுவட்டத்து மலைச்சரிவிலே

நீலகிரி யாத்திரை என்றால் உதகை ஏரி, தாவரத் தோட்டம், குன்னூர் ரயில் என்ற அளவில் நம்மவர் திருப்தியடைந்துவிடுகிறார்கள். தேச சரித்திரத்தைக் காண விரும்புவோர் கூடலூர்ச் சாலையில் பைக்காராவையும் கடந்து நடுவட்டம் வரை போதல் வேண்டும்.

நாம் சென்ற அன்று மூடுபனி விலகியதும் சரிவெங்கும் தேயிலை பசுமையாய்த் தெரிந்தது. ஆனால் தோதவரும் கோத்தரும் படகரும் வாழ்ந்த இம்மலைக்குத் தேயிலை புதியது. அதற்கு முன் நடுவட்டத்துக்குப் பெயர் தந்த சிங்கோனா மரமும் அப்படியே. மலைக்காய்ச்சலுக்குரிய கொயினா மருந்துக்காக, 1860-ஆம் ஆண்டையொட்டித் தென் அமெரிக்க மலைகளிலிருந்து அதைத் தருவித்தார்கள்.

அத்தோட்டங்களில் பாடுபட்டவருள் சீனக் கைதிகளும் உண்டு. சிங்கப்பூர், பினாங்கு முதலிய இடங்களில் தண்டனை பெற்றவர்களை, அங்கே சிறையில் இடம் போதாமையால், சென்னை ராஜதானிக்குக் கப்பலேற்றி அனுப்பினர். பின்னாளில் சில சீனர் தமிழ்ப் பெண்களை மணந்து, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே குடியேறி, காப்பியும் காய்கறியும் பயிரிட்டு வாழ்ந்தார்கள். 1909-இல் வெளிவந்த தமது நூலில் எட்கர் தர்ஸ்டன் இக்குடும்பங்களைக் குறிப்பிடுகிறார்.

இன்னொரு கூட்டமும் கடல் கடந்து இங்கு வந்தது. இலங்கையின் மலைநாட்டில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை கிள்ளிய தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று 1964-இல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்தனர். வந்தவர்களுக்கு வேலை தருவதற்கென்றே தமிழ்நாடு அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. ‘தாயகம் திரும்பியோர்’ என்று அவர்களுக்குப் பெயரிட்டார்கள். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பிறந்து, இம்மண்ணை முன்பு கண்டறியாத குழந்தைகளுக்கும் அதே பெயர்தான்!

சீனக் கைதியையும் ஒருவரும் விருப்பம் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளியையும் கேட்கவில்லை. இரண்டு அரசாங்கங்கள் கணக்குப் பார்த்தன, கப்பல்கள் புறப்பட்டன. ஆயினும் வந்தவர்கள் இம்மலையில் வேரூன்றினார்கள்.

உதகையை நிர்மாணித்த ஜான் சல்லிவன் துரையைப் பாடப் புத்தகம் அறியும். மலையைத் திருத்திய கைகளை அது அறியாது. பாரத தேசத்தின் சரித்திரம் பூர்வகுடிகளாலும், வந்தேறி உழைத்தவர்களாலும் சேர்ந்தே எழுதப்பட்டது. நம் குழந்தைகளுக்கு நீலகிரியைக் காட்டும்போது, ஏரிக்கரையோடு திரும்பிவிடாமல் இதையும் சொல்லிக் கொடுப்போமாக.