சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும்

ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்து பிறர் குறைகளைக் கேட்டுப் பழகிய நமக்கு, 13 வயதுச் சிறுவன் ஒருவன் முன் நின்று நமது குறையை அறிக்கையிட வேண்டிய நாள் ஒன்று வந்தது. அதற்குக் காரணம், விரல் நீளமே உள்ள ஓர் இணைப்புக் கம்பி.

கல்லாவியிலிருந்து பிழைப்புக்காக ஓசூருக்கும் பெங்களூருக்கும் செல்வோர் பலர். அச்சிறுவனின் தந்தையும் ஓசூரில் மின்சார ஸ்கூட்டர்களுக்கு வயரிங் கட்டும் பட்டறை ஒன்றில் பணிபுரிந்து, வாரம் ஒருமுறை வீடு திரும்புபவர். பெங்களூர் எஸ்.பி. சாலையில், யாரோ பயன்படுத்திய ரிமோட் கார் ஒன்றையும், 7.4 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரி ஒன்றையும் மகனுக்கு வாங்கி வந்தார். பேட்டரியின் முனையில் இருந்தது எக்ஸ்.டி. 60 எனும் மஞ்சள் நிறக் கனெக்டர். காரில் இருந்ததோ ‘டீ’ வடிவச் சிவப்புக் கனெக்டர். இரண்டும் ஒரே மின்சாரத்தைக் கடத்துபவைதாம். எனினும் ஒன்றையொன்று ஏற்கா.

கம்பிகளை வெட்டி முறுக்கிவிட முனைந்த சிறுவனைத் தடுத்தோம். இத்தகைய பேட்டரியின் இரு கம்பிகளும் ஒருகணம் உரசினாலும் தீப்பொறி பறக்கும். பேட்டரியே தீப்பற்றவும் கூடும். இடையில் ஓர் அடாப்டர் வைத்தால் போதும், அதைச் செய்து தருவது நம் பொறுப்பு என்று வாக்களித்தோம். குருமட நாட்களில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்த பெருமிதம் நமக்கு.

சூடு பட்டால் சுருங்கும் உறைக்குழாயைக் கம்பியில் முதலிலேயே கோத்துக்கொண்டோம். பற்றவைத்த பின் அதை நுழைக்க வழியில்லை. வெப்பத்தில் பிளாஸ்டிக் இளகி உலோக முனைகள் சாயாதிருக்க, ஜோடிக் கனெக்டரைச் செருகி வைத்து ஈயம் பற்றவைத்தோம். எல்லாம் முறைப்படிதான். கனெக்டரின் ஓரத்தில் பொடியாகப் பொறிக்கப்பட்டிருந்த கூட்டல் குறியை மட்டும் மூக்குக்கண்ணாடியின்றிப் பார்த்தோம். மீட்டரில் சோதிக்கவும் இல்லை.

பேட்டரியை இணைத்ததும் காருக்குள்ளிருந்து புகை எழுந்தது.

“பழைய வண்டிதானே தம்பி, உள்ளே ஏதோ பழுது இருந்திருக்கும்” என்றோம். சிறுவன் நம்பினான், மறுமொழியின்றிச் சென்றான்.

அன்றிரவு பேட்டரியில் அடாப்டரைச் செருகி மீட்டரை வைத்துப் பார்த்தபோது, எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி தோன்றியது. கம்பிகள் இடம் மாறியிருந்தன. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை எரித்தது நாமே. நமது சொல்லோ, பட்டறையில் உழைத்த காசில் அன்புடன் வாங்கி வந்த ஒரு தந்தையை, மகனின் கண்ணில் ஏமாந்தவராக்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். தந்தையின் முன்னிலையிலேயே, “தவறு வண்டியில் இல்லை தம்பி, இந்தக் கையில்தான். வண்டியைக் குறை சொன்னது அதைவிடப் பெரிய தவறு. மன்னித்துக்கொள்” என்றோம். சிறுவன் தந்தையின் முகத்தைப் பார்த்தான். அவரோ, “எங்க பட்டறையிலயும் இது நடக்கும் சாமி. அதனாலதான் மீட்டர் வெச்சுப் பார்க்காம ஒரு வயரையும் வெளியே விடமாட்டோம்” என்றார். கருவிக்கான செலவை நாம் ஏற்றோம். புதிய அடாப்டரை மூவரும் சேர்ந்தே செய்தோம். இம்முறை மீட்டர் சிறுவனின் கையில்.

ஓசூரில் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏத்தர் எனர்ஜி நிறுவனம் உருவாக்கிய சார்ஜிங் கனெக்டரை, இலகுரக மின்வாகனங்களுக்கான தரமாக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-இல் ஏற்றது. பல நிறுவனங்களின் வண்டிகளும் ஒரே கனெக்டரில் மின்னேற்றம் பெற வேண்டும் என்பதே நோக்கம். எல்லாரும் ஒன்றையே ஏற்றுக்கொண்டால் அடாப்டருக்கு வேலையில்லை. அதுவரை, பொருந்தாத இரண்டுக்கு நடுவே ஏதேனும் ஒன்று நின்றாக வேண்டும்.

கணவன் மனைவிக்கும், அண்ணன் தம்பிக்கும் நடுவே நிற்கும்படி நம்மை அழைப்போர் உண்டு. அழைப்பு வந்ததும் இப்போது மூக்குக்கண்ணாடியை எடுத்து அணிந்துகொள்கிறோம். பழுதான அந்த அடாப்டர் நமது மேசையின்மேல்தான் இருக்கிறது.