சோளக்காட்டு பொம்மையும் அப்பாவோட டிராக்டரும்

எங்க பக்கம் மும்முனை கரண்ட் ராத்திரி பத்து மணிக்கு மேலதான் வருது. மஞ்சளுக்குத் தண்ணி கட்டணும்னா அந்நேரத்துக்கு மம்பட்டியத் தூக்கிட்டுக் காட்டுக்குப் போகணும். ஒரு மடையைத் திருப்பி விட்டுட்டு, பாத்தி நிறையற வரைக்கும் வரப்புல உக்காந்து போன்ல பாட்டு கேப்பேன். பெரும்பாலும் இளையராஜாதான். இந்த மாசம் மட்டும் ஒரு அமெரிக்காக்காரரு பாடிட்டிருக்காரு.

ஜான் மெலன்கேம்ப். 1985-ல வந்த அவரோட 'ஸ்கேர்குரோ' ஆல்பம். நம்ம பாஷையில சோளக்காட்டு பொம்மை. பெங்களூர்ல கம்பெனி வேலையில இருந்தப்ப பக்கத்து சீட்டு நண்பன் ஹெட்போனை மாட்டி விட்டுக் கேக்க வெச்சான். அப்ப கென்னி அரொனாஃபோட டிரம்ஸ் அடி மட்டும்தான் பிடிச்சுது. என்ன பாடறாங்கன்னு காதுல ஏறல. ஊருக்கு வந்து காடு பாக்க ஆரம்பிச்ச பிறகுதான் ஏறுச்சு.

மெலன்கேம்ப் இண்டியானா மாநிலத்துல சீமோர்ங்கற சின்ன ஊர்க்காரர். விவசாயி இல்ல. ஆனா சுத்தியும் மக்காச்சோளமும் சோயாபீன்ஸும் விளையற பூமி. ரெக்கார்டிங்குக்கு முன்னாடி அவரும் பேண்டு ஆளுகளும் அறுபதுகள்ல வந்த ராக் பாட்டுக நூறு கிட்ட வாசிச்சுப் பழகினாங்களாம். அதனால சத்தம் பூரா பழைய வாசம் அடிக்கும். கடைசிப் பாட்டுல ஜேம்ஸ் பிரவுன், ஜாக்கி வில்சன்னு அந்தக் காலத்து ஆளுக பேரையே அடுக்கிச் சொல்லிக் கும்பிடு போடுவாரு. எல்லாப் பாட்டும் நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன். நாட்டைப் பத்திப் பேசற ரெண்டு மூணு பாட்டு மேடைப் பேச்சு மாதிரிதான் இருக்கு.

ஆனா முதல் பாட்டு இருக்கே, அதைக் கேட்டுட்டு ஒரு நாள் மடை மாத்த மறந்துட்டேன்.

கடன்ல நிலத்தை இழக்கற ஒரு விவசாயி பாடற மாதிரி அமைஞ்ச பாட்டு. தாத்தா திருத்தின பூமி, மகனுக்குக் குடுக்கணும்னு வெச்சிருந்தது, ஏலத்துக்குப் போகுது. கோர்ட்டு வாசல்ல தொண்ணூத்தேழு சிலுவை நட்டு வெச்சிருக்காங்க, நிலம் இழந்த தொண்ணூத்தேழு குடும்பத்துக்காக. ஏலம் விடறவன் வேற யாருமில்ல, இவனோட பழைய சினேகிதன். அவனைப் பாத்து இவன் பேசற இடத்துல கோவமும் இருக்கு, அவன் என்ன பண்ணுவான்கற நினைப்பும் இருக்கு.

இது கற்பனை இல்ல. 1970-கள்ல சோவியத் ரஷ்யா தானியத்தை அள்ளிட்டுப் போனப்ப, வேலியோரம் வரைக்கும் உழுங்கன்னு அமெரிக்க அரசாங்கமே தூண்டி விட்டுது. நிலத்து விலை ஏறுச்சு. ஏறின விலையை வெச்சு பேங்குக கடன் குடுத்துதுக. அப்புறம் விலைவாசியை அடக்கறேன்னு வட்டியை ஏத்தினாங்க. 1980 டிசம்பர்ல பேங்குக தங்களோட நல்ல வாடிக்கையாளருக்கே 21.5 சதவீதம் வட்டி போட்டுதுக. அதே வருஷம் ரஷ்யாவுக்குத் தானியம் போகக் கூடாதுன்னு தடை வேற. விளைபொருள் விலை விழுந்துது, நிலத்து விலையும் விழுந்துது, கடன் மட்டும் அப்படியே நின்னுது. 1985 செப்டம்பர் 22 அன்னிக்கு இல்லினாய்ல வில்லி நெல்சன், நீல் யங், மெலன்கேம்ப் மூணு பேரும் சேர்ந்து விவசாயிகளுக்காக 'ஃபார்ம் எய்ட்'னு கச்சேரி நடத்தினதுக்குக் காரணம் இதுதான்.

எங்க வீட்டுக் கணக்கு இதைவிடச் சின்னது. ஒரு டிராக்டர்.

2003-ல கிணறு வத்திப் போச்சு. தென்னை மட்டை தொங்கிருச்சு. அப்பா டிராக்டர் தவணையை நாலஞ்சு தடவை கட்டல. கடன் குடுத்தவங்க வண்டியை எடுத்துட்டுப் போய் ஏலத்துல விட்டாங்க. நான் அப்ப பெங்களூர்ல. அப்பா போன்ல, "வண்டி பழசாயிருச்சுப்பா, குடுத்துட்டேன்"னு சொன்னாரு. சரிங்கப்பான்னு வெச்சுட்டேன். அந்த மாசம் நான் வாங்கின சம்பளத்துல தவணை ரெண்டைக் கட்டியிருக்கலாம்.

ஏலத்துல எடுத்தது எங்க பெரியப்பா மகன். அண்ணன்னுதான் கூப்பிடறேன். நான் ஊருக்கு வந்தப்ப அப்பா இல்ல. அண்ணன் அந்த வண்டியிலதான் எங்க காட்டையும் உழுதுட்டிருந்தாரு, மணிக்கு இவ்வளவுன்னு கூலிக்கு. மட்கார்டுல அப்பா எழுதி வெச்ச என் பேரும் தங்கச்சி பேரும் அப்படியே இருந்துது. எனக்கு அதைப் பாக்கறப்ப எல்லாம் பத்திக்கிட்டு வரும். பன்னெண்டு வருஷமா அவரோட உழவு, மழை, மஞ்சள் விலை தவிர ஒரு வார்த்தை பேசினதில்ல.

ஆல்பத்துல ரெண்டாவது வர்றது ஒரு நிமிஷப் பாட்டு. மெலன்கேம்போட பாட்டி லாரா, தானே பாடறாங்க. 1896-ல வந்த பழைய ரயில் பாட்டு. அழற குழந்தையைக் கையில வெச்சுக்கிட்டு ஒருத்தன் ரயில்ல போறான், அதோட அம்மா முன்னாடி சரக்குப் பெட்டியில சவமாப் போறா. பாட்டியோட குரல் நடுங்குது, சுதி அங்க இங்க போகுது. முதல் பாட்டுல திண்ணை ஊஞ்சல்ல உக்காந்து பாடற ஒரு பாட்டி வர்றாங்க, அவங்களே எந்திரிச்சு வந்து பாடற மாதிரி இருக்கும். இந்த ஆல்பமே செத்துப்போன தாத்தா ஸ்பெக்குக்குக் காணிக்கைதான். எங்க ஆத்தா, மகனுக்கு, அதான் எங்க அப்பாவுக்கு, ஒப்பாரி வெச்சப்ப நான் பந்தல்காரனுக்குக் காசு எண்ணிட்டிருந்தேன். ஒரு வரி நினைவில்ல. ஆத்தாளும் போயிட்டாங்க.

போன வாரம் ராத்திரி அண்ணன் அவரு காட்டுக்கு மோட்டார் போட வந்தவரு, சத்தம் கேட்டு வரப்புல வந்து உக்காந்தாரு.

"என்றா பாடறான் வெள்ளைக்காரன்?"

சொன்னேன். நிலம், கடன், சிலுவை எல்லாம் சொன்னேன். ஏலம் விடற சினேகிதன்கிட்ட வந்ததும் வாய் வரல. அப்புறம் அதையும் சொல்லிட்டேன். அவரு பீடியைப் பத்த வெச்சாரு. ரொம்ப நேரம் பேசல.

"சித்தப்பாதான்டா என்னை எடுக்கச் சொன்னாரு. வெளியூருக்காரன் எடுத்தா வண்டி கண்ணுக்கே தெரியாமப் போயிரும்னு. உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. பேரை அழிக்கட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்னாரு."

நிஜமா, இல்ல இத்தனை வருஷத்துல அவரு தனக்குத்தானே சொல்லிக்கிட்டதான்னு எனக்குத் தெரியல. கேக்கறதுக்கு அப்பா இல்ல. அதுக்குள்ள பாத்தி நிறைஞ்சு தண்ணி வரப்பை உடைச்சுக்கிட்டு ஓட ஆரம்பிச்சிருச்சு. அண்ணன்தான் முதல்ல எந்திரிச்சு மம்பட்டியை எடுத்தாரு.