மீட்கவொண்ணாத் தண்டம்

இறைவன் உயிர்கட்குச் செய்யும் அருள் அறக்கருணை, மறக்கருணை என இருதிறப்படும் என்பது சைவசித்தாந்தத் துணிபு. தந்தை தாயர் மகவை ஒறுத்தல் பகையினாலன்றிப் பரிவினாலாதல் போல, இறைவன் துன்பம் ஊட்டுதலும் மலம் நீக்குதற்பொருட்டேயாம். மண்ணுலகில் அரசன் குற்றஞ்செய்தாரைத் தண்டித்து நெறிப்படுத்தலும் அவ்வருள்வழிப்பட்டதே எனச் சிவஞானசித்தியார் இரண்டாஞ் சூத்திரம் உணர்த்தும். ஆகவே தண்டமென்பது உயிரைத் திருத்தும் மருந்தாயிற்று. அம்மருந்து உயிர் திருந்துதற்கு இடமாகிய உடம்பையே அழிப்பதாயின், அதனை மக்கள் கையாளுதல் தகுமோவென்பது ஆராயற்பாலது.

கொலையிற் கொடியாரை அரசன் ஒறுத்தலைத் திருவள்ளுவர் பயிர்காக்கக் களை பறித்தலோடு ஒப்பிட்டனர். அவ்வுவமை பொய்யாதல் இல்லை. ஆயினும், களை பறிப்பார் பயிரையும் களையையும் வேறறிய வல்லராதல் அதனுள் அடங்கிய பொருளென்க. பெரம்பலூர்ச் சீமையில் சின்ன வெங்காயப் பாத்தியில் களையெடுக்கும் பெண்டிர், கை தவறிப் பிடுங்கிய வெங்காயத்தை உடனே ஊன்றி நீர் விடுவர். அது மீண்டும் வேர்கொள்ளும். பிரிந்த உயிரை அவ்வுடம்பிலே ஊன்றுவார் யாவர்?

அச்சீமையிலே, வாலீசுவரர் எழுந்தருளிய வாலிகண்டபுரத்திற்கு அணித்தாக, ரஞ்சன்குடிக் கோட்டை இன்றும் நிற்கின்றது. 1751ஆம் ஆண்டில் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும் ஒருபாலாக, முகம்மது அலியும் ஆங்கிலேயரும் மற்றொருபாலாக நின்று பொருத களம் அஃது. ஆங்கிலப் படை திருச்சிராப்பள்ளி நோக்கிப் பின்வாங்கிற்று. அடுத்த ஆண்டிலோ, தீங்கு நேராதென்ற உறுதியை நம்பித் தஞ்சைப் படைத்தலைவன்பால் அடைக்கலம் புக்க சந்தா சாகிப், விசாரணை யாதுமின்றித் தலை துணிக்கப்பட்டார். வென்றவன் வாளே நீதியாயிருந்த காலம் அது. இக்காலத்து நீதிமன்றங்கள் சினத்திற்கும் கழுத்திற்கும் இடையே சாட்சி, வழக்குரை, மேன்முறையீடு என்னும் அரண்களை அமைத்தன. அவ்வரண்கள் பெரிதும் போற்றத்தக்கன. ஆயின், பிழையே புகாதன அல்ல.

1980ஆம் ஆண்டில் பச்சன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், கொலைத்தண்டம் அரிதினும் அரிதாகிய வழக்கிற்கே உரியதென வரையறுத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சங்கிதையும் அத்தண்டத்தை நீக்கிற்றில்லை. இனி, நாசிக் மாவட்டத்தில் 2003ஆம் ஆண்டு ஒரு குடும்பத்தார் பலர் கொலையுண்ட வழக்கை நோக்குக. நாடோடி மரபினராகிய ஏழையர் அறுவர் குற்றவாளிகளெனப்பட்டனர். விசாரணை மன்றம் அறுவர்க்கும் கொலைத்தண்டம் விதித்தது; உயர்நீதிமன்றம் மூவர்க்கு அதனை ஆயுட்சிறையாக்கிற்று; 2009இல் உச்சநீதிமன்றம் மீண்டும் அறுவர்க்கும் தூக்கே என்றது. அம்மன்றமே, உயிர்தப்பிய சாட்சி காவலர் காட்டிய படங்களில் வேறு நால்வரைச் சுட்டியிருந்தும் அது புலனாய்வார் கருத்திற் கொள்ளாது விடப்பட்டமை கண்டு, 2019 மார்ச்சு 5ஆம் நாள் அறுவரையும் குற்றமற்றவரென விடுதலை செய்தது. இடையே கயிறு இறுகியிருப்பின் அத்தீர்ப்பு யாரைச் சென்றடைந்திருக்கும்?

ஈண்டுச் சிலர், "குற்றமிலான் தூக்கிலேறின் அஃது அவன் பிராரத்த வினையன்றோ? தீர்ப்பளித்தார்க்கு வந்த குறை யாது?" என்பர். நுகர்வானுக்குப் பிராரத்தமாவது, செய்வானுக்கு ஆகாமியமாகாதொழியுமோ? கோவலன் முற்பிறப்பில் பரதன் என்பானாய்ச் சங்கமன் என்னும் வணிகனை ஒற்றனெனப் பொய்கூறிக் கொல்வித்த வினையே மதுரையில் வந்து மூண்டதெனச் சிலப்பதிகாரம் கூறும். ஆயினும் பாண்டியன் அவ்வூழைக் காட்டித் தன்னைக் காத்துக்கொண்டானல்லன். தன் பிழை தெளிந்த அந்நொடியே அரியணையில் வீழ்ந்து உயிர்நீத்தான். தவறிய தீர்ப்பினின்று தவறிய தீர்ப்பே முளைத்த வரலாறு அஃது.

இதற்கு மறுதலையாயது திருநாவுக்கரசர் வரலாறு. பிறர் உரையை மெய்யெனக் கொண்ட பல்லவன் அவரை நீற்றறையிலிட்டான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கல்லோடு பிணித்துக் கடலில் இடுவித்தான். திருவருளால் அரசர் பிழைத்தார். அவர் பிழைத்தமையால் பல்லவனும் தன் பிழையுணர்ந்து சைவநெறி புக்கு உய்ந்தான். பாண்டியனுக்கு வாயாத கழுவாய் பல்லவனுக்கு வாய்த்தது, தண்டிக்கப்பட்டார் உயிரோடிருந்தமையாலன்றோ? அண்மைக் காலத்தும், இலட்சுமிகாந்தன் கொலைவழக்கில் 1945இல் ஆயுள்தண்டம் பெற்ற தியாகராச பாகவதரும் என். எஸ். கிருட்டிணனும், பிரிவி கவுன்சிலின் தலையீட்டால் 1947இல் விடுதலையுற்றனர். தண்டம் மீட்கத்தக்கதாயிருந்தமையால் நீதி தன்னைத் திருத்திக்கொண்டது.

அற்றேல், கொடியோரிடமிருந்து நாட்டைக் காப்பது யாங்ஙனமெனின், கொலையுண்டார் சுற்றத்தாரின் கண்ணீர் எளிதிற் புறந்தள்ளற்பாலதன்று. அதற்கு விடை கூறுதல் அரசின் கடனே. அதன்பொருட்டே, கொடிய வழக்குகளில் தண்டக்குறைப்பின்றி வாழ்நாள் முழுதும் சிறைவைக்கும் நெறியை உச்சநீதிமன்றம் 2008இல் மேற்கொண்டு, 2015இல் அரசியலமைப்பு அமர்வால் உறுதிசெய்தது. மதிலுக்குள் இருப்பான் ஊரை அழியான். குற்றவாளியாயின் வருந்தித் திருந்தவும், அல்லனாயின் மீளவும் வழியுண்டு. ஐயமில்லா வழக்கில் மட்டும் கொல்லலாமெனின், நாசிக் வழக்கில் மூன்று மன்றங்களும் அங்ஙனமே ஐயமின்றிக் குற்றந்துணிந்தன என்பதை நினைக.

பசுவறிவு சுட்டறிவாய், சாட்சியும் கருவியுமின்றி ஒன்றை அறியமாட்டாதது. முற்றுமுணர்தல் பதியாகிய சிவபெருமானுக்கே உரியது. ஆகலின், குற்றங்கடிதலை அரசு தளராது செய்க. மீட்கவொண்ணாத் தண்டத்தை மட்டும் முற்றுணர்ந்தோன்பால் விடுக. செங்கோல் அதனாற் கோடாது.

திருச்சிற்றம்பலம்.