பரங்கிமலையும் எவரெஸ்டும்

சென்னையிலுள்ள பரங்கிமலைக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் மாதா கோயிலைத் தரிசித்து, விமானங்கள் இறங்குவதை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே லாம்டன் துரையின் மார்பளவுச் சிலை ஒன்று இருப்பதை அநேகர் கவனிப்பதில்லை. நூறு மீட்டர் உயரங்கூட இல்லாத இக்குன்றுக்கும் எவரெஸ்ட் சிகரத்துக்கும் உறவுண்டு என்றால் நேயர்கள் நகைக்கலாம். ஆயினும் அது உண்மையே.

1802-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் லாம்டன், இம்மலையருகிலிருந்து தெற்கே பெரும்பாக்கத்தை நோக்கி ஒரு நேர்கோட்டை 100 அடி உருக்குச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர் நீளத்தை அளக்க 57 நாட்கள் சென்றன. முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்கள் கணக்கில் வந்துவிடும் அல்லவா? அந்தக் கோட்டின்மேல் முக்கோணங்களை அடுக்கி, இடையிடையே வேறு கோடுகளையும் அளந்து சரிபார்த்து, குமரிமுனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை சுமார் 2,400 கிலோமீட்டரை அளந்து முடித்தார்கள்.

பிறகு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சிகரங்களை நோக்கிக் கோணங்கள் எடுக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு கணக்கிட்டவர்களில் தலைசிறந்தவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். 1856-ல் வெளியான உயரம் 29,002 அடி. 2020-ல் நேபாளமும் சீனாவும் அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்பது மீட்டர்தான்! சிகரத்துக்குக் கிடைத்ததோ, 1843-லேயே ஓய்வு பெற்றுவிட்ட எவரெஸ்ட் துரையின் பெயர். சிக்தாரின் பெயர் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இவ்வளவுகளை ஒப்பிட்டு நம் மாணாக்கரிடம் சொன்னபோது அவர்கள் நம்ப மறுத்தார்கள். எவரெஸ்டைச் சாய்த்துப் பரங்கிமலையிலிருந்து தெற்கே கிடத்தினால், அதன் நுனி லாம்டனின் கோட்டு முனையை எட்டாது. மூன்று கிலோமீட்டர் மிஞ்சும். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவின் 2,637 மீட்டரைத் தரையில் நடந்தால் அரைமணி நேரத்து நடை. பூமியை ஒரு மீட்டர் குறுக்களவுள்ள உருண்டையாகச் செய்தால், அதில் எவரெஸ்ட் ஒரு மில்லிமீட்டர்கூட இராது; கடுகைவிடச் சிறியது!

கிடையாக ஒன்பது கிலோமீட்டர் என்பது சந்தைக்குப் போய்வரும் தூரம். அதுவே செங்குத்தாக நின்றால், மூச்சு விடவும் காற்றுப் போதாத உயரம். லாம்டன் அளந்த சமவெளியை இன்று வீடுகள் மூடிவிட்டன. ஆயினும் குழந்தைகளை ஒருமுறை இம்மலைக்கு அழைத்துச் சென்று தெற்கே பார்க்கச் சொல்லுங்கள். கிலோமீட்டர் என்பது புத்தகத்து எண்ணாக மட்டும் இராது.