ஓராண்டுத் தலைவர்



இந்த வாரம் கோல்ஃப் விளையாட்டைப்பற்றி எழுதுகிறேன் என்றால் உங்களில் சிலர் புன்னகைப்பீர்கள். நம் நாட்டில் அது செல்வந்தரின் பொழுதுபோக்கு. அதன் தாயகமாகிய ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு. அங்கே சின்னஞ்சிறு ஊர்களிலும் ஒரு மைதானம் உண்டு. தச்சரும் பேருந்து ஓட்டுநரும் பள்ளி ஆசிரியரும் சங்க உறுப்பினராயிருப்பார்கள். சில ஆண்டுகளுக்குமுன், ஊழியப் பரிமாற்றத்தின் பேரில், அந்நாட்டின் கிழக்குக் கடற்கரையிலுள்ள ஒரு சிற்றூரில் நான் ஓராண்டு தங்கியிருந்தேன். என் அடுத்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தச்சர். அவ்வாண்டு அவர்தாம் ஊர்க் கோல்ஃப் சங்கத்தின் கேப்டன். நமக்குக் கேப்டன் என்றால் கிரிக்கெட்டோ கப்பலோ நினைவுக்கு வரும். அங்கே அது ஓராண்டுக்குமட்டும் ஒருவர் ஏற்கும் தலைமைப்பணி.

அந்தப் பதவி தோன்றிய விதம் அறியத்தக்கது. 1744ஆம் ஆண்டு எடின்பரோ நகரமன்றம் வெள்ளியால் செய்த கோல்ஃப் மட்டை ஒன்றைப் பரிசாக அறிவித்தது. லீத் என்னும் துறைமுகப் பகுதியின் புல்வெளியில் போட்டி நடந்தது. வெல்பவரே அவ்வாண்டின் கேப்டன். விளையாட்டில் எழும் வழக்குகளை எல்லாம் அவரே தீர்க்கவேண்டும். வெள்ளி மட்டையில் தம் பங்காகப் பொன்னாலோ வெள்ளியாலோ ஒரு துண்டைக் கோர்த்துவிட்டுப் போகவேண்டும். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கோல்ஃப் விதிகளாகிய பதின்மூன்றும் அப்போட்டிக்காக எழுதப்பட்டவையே.

முதலில் வென்றவர் ஜான் ராட்ரே என்னும் அறுவை மருத்துவர்; ஸ்காட்லாந்து எபிஸ்கோப்பல் திருச்சபையின் பேராயர் ஒருவருடைய மகன். மறு ஆண்டும் அவரே வென்றார். அதே 1745இல், அரசிழந்த ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ் படைதிரட்டி வந்தார். பிரஸ்டன்பான்ஸ் போர்க்களத்தில் காயமுற்றோருக்குச் சிகிச்சையளிக்க அழைக்கப்பட்ட ராட்ரே, அந்தப் படையோடே போய்விட்டார். 1746 ஏப்ரலில் கலோடன் வெளியில் அப்படை முற்றிலும் நொறுங்கியது. ராட்ரே கைதியானார். அக்காலத்தில் கலகக்காரருக்கு எது காத்திருந்தது என்பதை விளக்கவேண்டியதில்லை.

அவருக்காகப் பரிந்து பேசியவர் டங்கன் ஃபோர்ப்ஸ். ஸ்காட்லாந்தின் உயர்ந்த உரிமையியல் நீதிமன்றத்தின் தலைவர். அந்தக் கலகத்தை அடக்க அரசின் பக்கம் நின்று ஓயாது உழைத்தவர். போர் நடந்ததே அவருடைய நிலத்தை ஒட்டிய வெளியில்தான். ஆனால் லீத் புல்வெளியில் ராட்ரேயோடு பந்தடித்தவரும் அவரே. 1747இல் ராட்ரே விடுதலை பெற்றார். 1751இல் மீண்டும் வெள்ளி மட்டையை வென்றார். ஃபோர்ப்ஸ் அதைக் காண உயிரோடில்லை.

பிற்காலத்தில், வென்றவரே தலைவர் என்னும் வழக்கம் மாறித் தலைவரைத் தெரிந்தெடுக்கும் முறை வந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் புகழ்பெற்ற சங்கம் பழைய வழக்கத்தின் நிழலைமட்டும் இன்னும் காத்துவருகிறது. செப்டெம்பரில் ஒரு காலைவேளையில் புதிய கேப்டன் முதல் குழியின் மேடையில் நின்று ஒரே ஓர் அடி அடிக்கிறார், பீரங்கி முழங்குகிறது, போட்டியாளர் வேறெவரும் இல்லாமையால் அந்த ஓரடியில் வெள்ளி மட்டை அவருடையதாகிறது. பந்தை எடுத்துவர முந்தும் பணியாளருக்கு ஒரு பொற்காசு. அப்பணியாளருக்குக் 'கேடி' என்று பெயர். நம் மொழியில் அச்சொல் என்ன பொருள் தருகிறது என்பதற்கு அவர்கள் பொறுப்பல்லர்.

என் அடுத்த வீட்டுக்காரருக்குப் பீரங்கி எதுவும் முழங்கவில்லை. ஏப்ரலில், கடுங்காற்றில், அறுபது பேர் சூழ நின்று அவர் முதல் பந்தை அடித்தார். அது எவ்வளவு தூரம் போகும் என்று ஆளுக்கொரு பவுண்டு வைத்து ஊகித்தார்கள். சேர்ந்த பணம் அவர் தெரிந்துகொண்ட தர்ம காரியத்துக்குப் போயிற்று. அன்றுமுதல் ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் அவருக்கு ஒரு கடமை. அண்டை ஊர்ச் சங்கங்களோடு போட்டிகள். அவர்கள் வந்தால் உபசரிக்கவேண்டும், இவர் போனால் நன்றியுரை ஆற்றவேண்டும். சிறுவர் போட்டி, பெண்கள் பிரிவின் விருந்து, கேப்டன் நாள், ஆண்டு விருந்து. எல்லா விருந்திலும் அதே சூப், அதே இறைச்சி, அதே உருளைக்கிழங்கு என்று முறையிடுவார். சமையலறைக்குப் போய் நன்றி சொல்லாமல் ஒருநாளும் வீடு திரும்பமாட்டார். உறுப்பினர் ஒருவர் மரித்தால் கொடி அரைக்கம்பத்தில் இறங்கும்; அடக்க ஆராதனையில் கேப்டன் இருப்பார். நான் நடத்திய இரண்டு ஆராதனைகளில் கடைசி வரிசையில் அவரைக் கண்டேன்.

அவருடைய சொந்த ஆட்டமோ அவ்வாண்டு சரிந்தது. காரணம் எளியது. யாரும் கூட்டுச்சேர விரும்பாத தளர்ந்த கிழவர்களோடும், பந்தைத் தேடியே பொழுதைக் கழிக்கும் புதியவர்களோடும் அவர் வேண்டுமென்றே ஆடினார்.

ஜூலையில் நடந்தது கேப்டன் நாள். அவர் கையால் பரிசு வழங்கும் போட்டி. இத்தகைய ஆட்டத்தில் நடுவர் கிடையாது. உடன் ஆடுபவர் எண்ணிக்கையை எழுத, இருவரும் கையொப்பமிடுவார்கள். மனிதன் தன்மீது தானே குற்றம் சுமத்திக்கொள்வான் என்னும் நம்பிக்கையின்மேல் நிற்கிற விளையாட்டு இது. போதகனாகிய எனக்கு அது வியப்பாகவே இருந்தது. அன்று ஒருவர் தம் பந்தைப் புதருக்குள் தொலைத்தார். மூன்று நிமிடத்துக்குள் கிடைக்காவிட்டால் தண்டனையேற்று முன்னிடத்திலிருந்து மறுபடி அடிக்கவேண்டும். அவர் சட்டைப்பையிலிருந்து வேறொரு பந்தை நழுவவிட்டு, "கிடைத்துவிட்டது" என்றார். இருவர் பார்த்துவிட்டனர். அவர் வேறு யாருமல்ல, நம் தச்சருடைய முப்பதாண்டு நண்பர். இருவர் ஒரே பந்தை மாறிமாறி அடிக்கும் இணையாட்டத்தில் அவருடைய நிரந்தரக் கூட்டாளி.

மூடி மறைத்துவிடும்படி சொன்னவர்கள் இருந்தார்கள். ஒரு பந்துதானே என்றார்கள். விசாரணைக்கு வேறொருவர் தலைமை வகிக்கட்டும் என்றார்கள் வேறு சிலர். எனக்கும் அது சரியென்றே பட்டது, இன்றும் படுகிறது. அவரோ, இதற்காகத்தானே கேப்டன் என்று சொல்லித் தாமே அமர்ந்தார். நண்பர் மறுக்கவில்லை. அந்தப் பருவம் முடியும்வரை ஆட்டத்திலிருந்து நீக்கினார்கள். காரணத்தையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டியது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. ஒரு மனிதனைத் திருத்துவதற்கு ஊர் முழுவதும் வாசிக்கவேண்டியதில்லை. இதை அவரிடமே சொன்னேன். மறுநாள் அந்தத் தாள் அங்கே இல்லை.

தீர்ப்பைச் செயலாளரின் கடிதமாய் அனுப்பாமல் நேரில் சொல்ல அவரே போனார். கதவு அவர் முகத்துக்கெதிரே அடைக்கப்பட்டது. அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் போனார், அதற்கடுத்த வியாழனும். எங்கள் சன்னலிலிருந்து பார்த்தால், மாலை ஆறு மணிக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு அவர் மேட்டுத்தெருவில் ஏறுவது தெரியும். கால்மணி நேரத்தில் திரும்பிவிடுவார். என்ன நடந்தது என்று நான் கேட்பதில்லை. அக்டோபரில் ஒரு வியாழனன்று ஏழு மணியாகியும் அவர் திரும்பவில்லை. என் மனைவி கடிகாரத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். ஒன்பதரைக்குத்தான் அவர் வீட்டு விளக்கு எரிந்தது.

ஆண்டு முடிந்தது. வேறொருவர் கேப்டனானார். மண்டபத்துச் சுவரிலுள்ள மரப்பலகையில், பல தலைமுறைப் பெயர்களுக்குக் கீழே, இவர் பெயரையும் பொன்னெழுத்தில் எழுதினார்கள். வாயிலருகே கேப்டனுக்கென்று ஒதுக்கிய வண்டி நிறுத்துமிடம் புதியவருக்குப் போயிற்று. இவர் வழக்கம்போல் நடந்தே வந்தார்.

நாங்கள் ஊர் திரும்பியபின் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வானிலை, முழங்கால் வலி, எங்கள் வீட்டில் குடியேறிய புதியவர்கள் ஆகியவற்றை எழுதிவிட்டு, இறுதியில் இரண்டு வரி. புதிய பருவத்தின் முதல் இணையாட்டத்தில் தாமும் பழைய நண்பரும் சேர்ந்து ஆடினார்களாம்; தோற்றுப்போனார்களாம். எத்தனை குழிகளில் என்று எழுதவில்லை.