நின்ற ரயில்

எங்கள் கோட்டுச்சேரிமேட்டுக்கு ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. தெற்கே காரைக்காலுக்குப் போனால் பேரளம் ரயில். வடக்கே தரங்கம்பாடிக்குப் போனால் மாயவரம் ரயில். நடுவில் பிறந்த நாங்கள் இரண்டையுமே எங்கள் ரயில் என்று சொந்தம் கொண்டாடி வந்தோம். 1980-களில் இரண்டும் நின்று போயின. பாத்தியதை பற்றிய பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று!

காரைக்கால் பாதை பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1898-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலந்தான். சனிக்கிழமைகளில் என் பாட்டி என்னையும் அழைத்துக்கொண்டு அந்த ரயிலில் திருநள்ளாற்றுக்குப் போவாள். முழங்கால் வலிக்காரியான அவள் ஏறி உட்காரும் வரையில் கார்டு பச்சைக் கொடியை அசைக்கமாட்டார்.

"பாட்டி, ரயில் நின்று போய்விட்டதாம்" என்று ஒரு நாள் வந்து சொன்னேன்.

"நின்றால் என்னடா? நின்ற ரயில் புறப்படாமலா இருக்கும்?" என்றாள்.

ரயில் புறப்படவில்லை. தண்டவாளங்களையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பாட்டி சில வாரம் பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். பஸ்ஸின் படி உயரம், கண்டக்டருக்கோ அவசரம். பிறகு வீட்டிலிருந்தபடியே திருநள்ளாற்றுத் திசை நோக்கிக் கும்பிடலானாள். மறுபடி சுவாமி தரிசனம் செய்யாமலே காலமானாள்.

நாகூரிலிருந்து காரைக்காலுக்கு 2011-இல் அகலப் பாதையில் ரயில் வந்தது. பிறகு பேரளம் வரையில் சுமார் 23 கிலோமீட்டர் தூரத்துக்கும் பாதை இட்டு, மின்சாரக் கம்பியும் கட்டி, 2025-இல் சோதனை ஓட்டம் நடத்தினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது பாட்டியின் முழங்கால்தான் என் நினைவுக்கு வந்தது.

ஸ்டேஷன்களைப் புதுப்பிப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கட்டிடம் அழகாக இருக்கட்டும்; வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் பிளாட்பாரம் வண்டியின் வாசலளவு உயர்ந்திருக்க வேண்டும். நிழலும், குடிதண்ணீரும், சாய்ந்து உட்கார ஒரு பெஞ்சியும் வேண்டும். துறைமுகத்து நிலக்கரி வண்டிகள் தாராளமாக ஓடட்டும். அவற்றுக்கு நடுவே காலையிலும் மாலையிலும் ஒரு சாதாரணப் பாஸஞ்சர் வண்டிக்கும் வழி விட வேண்டும். தரங்கம்பாடிப் பாதையையும் மறந்துவிடக் கூடாது.

பாட்டி, நீ சொன்னது பொய்க்கவில்லை. நின்ற ரயில் புறப்பட்டுவிட்டது. இனி அது சின்ன ஸ்டேஷன்களிலெல்லாம் கொஞ்சம் நிற்கவேண்டும். உன்னைப் போன்றவர்கள் ஏறி உட்காரும் வரையில்.