சுவருக்குப் பின்னால் ஒருவன்

2020 ஊரடங்கில் திருச்சானூர் வீட்டு மாடியில் அமர்ந்து நான் கற்ற கலை, ஒளிந்திருந்து சுடுவது. முதுகலை வகுப்புகள் நின்றுபோயிருந்தன. எங்கள் தெருவின் தெலுங்கு இளைஞர்கள் மூவர் பப்ஜி மொபைலில் என்னை நான்காமவனாகச் சேர்த்துக்கொண்டார்கள். பாய்ந்து சென்று நேருக்கு நேர் சுடும் விரைவு என் விரல்களுக்கு இல்லை. ஆகவே கார்98கே துப்பாக்கியோடு புல்லில் படுத்துக் காத்திருப்பது என் பங்காயிற்று.

அதில் பொறுமைக்கு மதிப்புண்டு. தொலைவு கூடக் கூடக் குண்டு தாழ்ந்து இறங்கும். தலைக்கு மேலே குறிவைக்க வேண்டும். ஓடுபவனைச் சுட, அவனுக்கு முன்னாலுள்ள வெற்றிடத்தைச் சுட வேண்டும். முதல் குண்டு தவறினால் நம் இருப்பிடம் அம்பலம். ஸ்நைப்பர் என்ற சொல்லின் வரலாறு இந்தியாவோடு தொடர்புடையது: 1770களில் இங்கிருந்த ஆங்கிலேயப் படையினர் ஆடிய, ஸ்நைப் என்னும் உள்ளான் பறவை வேட்டையிலிருந்து அது வந்தது. தழை போர்த்திய கில்லி உடை ஸ்காட்லாந்து வேட்டைக் காவலர்களுடையது. (அணியில் எனக்கு மட்டும் அச்சொல்லைக் கேட்டால் விஜய் நினைவுக்கு வருவார்.)

சிக்கல் ஒலிவாங்கியில் தொடங்கியது. வீட்டில் தமிழ், பள்ளிப்படிப்பு வேலூரில். தெலுங்கு புரியும், நா புரளாது. சுவருக்குத் தெலுங்கில் ‘கோட’. அதன் முதலொலி ஒலிப்புடைய ககரம். தமிழில் எழுதினால் அந்த வேறுபாடு தெரியாது. என் வாயிலும் தெரியவில்லை. ‘கோட வெனகால’, சுவருக்குப் பின்னால், என்று நான் பதறிச் சொன்னது அவர்கள் காதில் ‘கோடி’யாக, அதாவது கோழியாக, விழுந்தது. “கோடியா அன்னா?” என்று ஒருவன் சிரித்தான். கேலியில் தீங்கில்லை. ஆனால் ஒலியியல் படிக்கும் மாணவனுக்கு அது உறைத்தது. அன்றே ஒலிவாங்கியை அணைத்தேன்.

பிறகு ஊமையாகவே ஆடினேன். எதிரியிடமிருந்து மறைவது உத்தி; நானோ என் அணியிடமிருந்தும் மறைந்தேன். ஓர் இரவு, இறுதி வட்டத்தில், சுவரோரம் ஒருவன் பதுங்கியிருப்பதைக் குறிநோக்கியில் கண்டேன். சுடக் கோணம் கிடைக்கவில்லை. வரைபடத்தில் குறியிட்டேன்; யாரும் பார்க்கவில்லை. மூவரும் அவன் முன்னால் நடந்துபோய், ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர்.

தேர்வுக்காக மனப்பாடம் செய்த தொல்காப்பியம் அன்றிரவுதான் எனக்கு விளங்கியது. பகைவர் அறியாமல் ஆநிரை கவரும் வெட்சித் திணையைக் களவு என்ற சொல்லாலேயே அவர் வரையறுக்கிறார். அதன் துறைகளில் ஒற்றருக்குரியதும் ஒன்று உண்டு. அத்துறையின் பெயர் வேய்: ஒற்றன் அறிந்துவந்து கூறும் செய்தி. அவன் ஒளிந்திருந்த திறமைக்குத் தனிப் பெயரில்லை. 2007இல் வெளிவந்த கால் ஆஃப் டூட்டி 4இன் புகழ்பெற்ற பிரிப்யாத் பகுதியும் அவ்வாறே. கில்லி உடையில் ஊர்ந்து செல்லும் நம்மை, கேப்டன் மாக்மில்லனின் தாழ்ந்த குரலே நகர்த்துகிறது. உண்மைப் போர்க்களத்திலும் ஸ்நைப்பருக்குத் தொலைவும் காற்றும் சொல்லப் பெரும்பாலும் அருகில் ஒருவர் இருப்பார்.

செப்டம்பர் 2 அன்று அரசு தடைசெய்த 118 செயலிகளுள் பப்ஜியும் ஒன்று. கைப்பேசியில் முன்பே வைத்திருந்தவர்கள் அக்டோபர் இறுதிவரை ஆடினோம். அந்த இடைவெளியில் ஒருநாள் ஒலிவாங்கியைத் திறந்து, “கோட வெனகால” என்றேன். மறுபடியும் சிரித்தார்கள். சிரித்தபடியே மூவரும் அந்தச் சுவரை நோக்கித் திரும்பினார்கள்.